துரைசாணியின் கன்னத்துப் பொட்டு

“ஒரு ஓவியத்தை ரசிக்கத் தெரியாதவன் சோறு தின்னவே லாயக்கில்லாதவன்” என்றார் ஓவியப் பேராசிரியர் ரங்கசாமி, ஆட்டு நெஞ்செலும்பை உறிஞ்சிக்கொண்டே.

மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி மில் வைத்திருக்கும் மணவாளன் ஆட்டினார். சாப்பாடு அவர் பங்களாவில்தான். இன்ஸ்பெக்டரும் ஆட்டினார். அவருடைய ஸ்டேஷன் லாக்கப்பில்தான் அந்த நேரம் குப்பன் என்கிற மீனவன், சுவரில் தொங்கிய அந்தப் படத்துக்காக உதை வாங்கிக்கொண்டிருந்தான். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். அந்தப் பக்கம் நான் இன்னும் போய் வர வேண்டியிருக்கிறது.

என் பெயர் வரதன். திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிர் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் துப்பறியும் நிபுணர் அரசப்பனுக்கு உதவியாள். உதவியாள் என்றால் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவது, டீ வாங்குவது, திட்டு வாங்குவது. சம்பளம் என்று ஒன்று இருப்பதாகக் கேள்வி.

அன்று காலையில் குப்பன் பெண்டாட்டி பச்சையம்மா எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பழவேற்காட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்த முகம். அழுது தீர்த்துவிட்டு வந்திருந்தாள் போலிருக்கிறது, கண்ணில் தண்ணீரே இல்லை.

“எங்க ஊட்டுக்காரு ஒரு எழுத்து படிக்காத ஆளு சாமி. அது போயி படத்த மாத்தி ஏமாத்திச்சாம். சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கலன்னா உசுரோட பாக்க மாட்டேன்னு ஏட்டு சொல்லிக்கினு கீறாரு. எதுனா செய்யி சாமி.”

அரசப்பன் சட்டையை மாட்டினார்.

விஷயம் இதுதான். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாழ்ந்த காலத்தில், எவளோ ஒரு துரைசாணி நீலப் பட்டு கவுன் போட்டு, முத்துமாலையோடு உட்கார்ந்து, தன்னை எண்ணெய் வர்ணத்தில் வரையச் சொல்லியிருக்கிறாள். டச்சுக்காரன் போனான். துரைசாணி மண்ணுக்குள் போனாள். படம் மட்டும் எப்படியோ குப்பன் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தது. போன ஆடியில் நண்டு தின்னப் போன மணவாளன் கண்ணில் அது பட்டது. ஒரு நைலான் வலையைக் கொடுத்துவிட்டுப் படத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தீபாவளிக்கு ஒரு விருந்து வைத்து, மெட்ராஸிலிருந்து ரங்கசாமியை வரவழைத்துப் பாராட்ட வைத்தார். அதன் பிறகு இருநூறு வருஷத்துப் பொக்கிஷம் என்று ஊரெல்லாம் தம்பட்டம்.

போன வாரம் மில்லுக்கு மிஷின் மாட்ட வந்த ஹாலந்து இன்ஜினியர் ஒருவன் படத்தைக் கழற்றினான், பின்பக்கம் திருப்பினான், முகர்ந்தான், சிரித்தான். பின்னால் இருந்தது புத்தம் புது காடாத் துணி. விருந்தாளிகள் முன்னால் அவன் சிரித்த சிரிப்பில் மணவாளன் மானம் போய்விட்டது. போன மானம் திரும்பி வர வேண்டுமென்றால் யாராவது ஒருத்தன் முதுகு வீங்கியாக வேண்டும். குப்பன் முதுகு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

நாங்கள் போனபோது மணவாளன் விரட்டவில்லை. “டிடெக்டிவா? வெரி குட், வாங்க! சாப்பிட்டுக்கினே வேடிக்கை பாருங்க” என்றார். பச்சையம்மாவை மட்டும் வாசற்படியோடு நிறுத்திவிட்டார்கள். அவள் கால் புழுதி மொசைக்கைக் கெடுத்துவிடுமாம்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் படத்துக்கு முன்னால் போய் நின்றோம். ரங்கசாமி கைத்தடியைத் தூக்கினார்.

“போலிதான். ஒப்புக்கொள்கிறேன். முதல் நாளே எனக்கு ஒரு சந்தேகம். நண்பர் மனம் நோகுமே என்று சொல்லவில்லை. ஆனாலும் என்ன கை பாருங்கள்! வெளிச்சம் இடது பக்கத்து ஜன்னலிலிருந்து வருகிறது. ஜன்னலே படத்தில் இல்லை, ஆனால் கன்னத்தில் தெரிகிறது. ஒவ்வொரு முத்துக்கும் ஊசி முனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி, முத்து உருண்டுவிட்டது. உதட்டைப் பாருங்கள். சிரிக்கப் போகிறாளா, நம்மைச் சீ என்று சொல்லப் போகிறாளா? யாராலும் சொல்ல முடியாது!”

எனக்குப் படிப்பு கம்மி. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆள் பேசப் பேச அவள் உயிரோடு உட்கார்ந்திருப்பது மாதிரி எனக்கே தெரிந்தது. கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

“எல்லாவற்றுக்கும் மேலே இது” என்று அவள் இடது கன்னத்தில் இருந்த கறுப்புப் பொட்டைக் காட்டினார். “அந்தக் காலத்து ஐரோப்பியச் சீமாட்டிகள் கறுப்புப் பட்டுத் துணியை வட்டமாகக் கத்தரித்துக் கன்னத்தில் ஒட்டிக்கொள்வார்கள். சருமத்தின் வெண்மையை எடுத்துக்காட்ட! போலி செய்தவன் இதைக்கூடத் தெரிந்து வைத்திருக்கிறான். எத்தனை புத்தகம் படித்திருக்க வேண்டும்!”

“பொம்பளைன்னா இப்படி இருக்கணும்” என்றார் மணவாளன். அப்புறம் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “ஜானகி, நீயும் கொஞ்சம் வந்து பாரேன். தினம் கண்ணாடியத்தானே பாக்கற. ஒரு நாளைக்கு அழகையும் பாரு.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஜானகியம்மாள் தட்டுகளோடு உள்ளே போய்விட்டாள். எனக்கு மணவாளனை அந்த நெஞ்செலும்பாலேயே அடிக்கலாம் போல இருந்தது.

அரசப்பன் கேட்டார். “ப்ரொபசர், நீங்க முதல் முதலா பார்த்தப்பவே இந்தப் பொட்டு இருந்ததா?”

“இருந்ததாவா? தீபாவளி விருந்தில் நான் முதலில் பாராட்டியதே இதைத்தான். கேளுங்கள் இவரை.”

“ஆமாமா” என்றார் மணவாளன். “அவர் சொன்னப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது, அது எவ்ளோ பெரிய விஷயம்னு.”

அப்போதுதான் வாசலிலிருந்து குரல் வந்தது.

“தொரசாணிக்கு ஏது பொட்டு?”

பச்சையம்மா கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க ஊட்டுல கீறப்போ பொட்டே இல்லியே. மூஞ்சில ஒரு மாசு மறு இல்லாம கீமே. நான் கல்யாணமாயி வந்த நாளா பாத்துக்கினு கீறேன் சாமி.”

அவள் நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தாள், பாவம். இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டினார்.

“கேட்டீங்களா? இவ வாயாலயே வந்துடுச்சு! வீட்ல இருந்தது வேற படம், இங்க வந்தது வேற படம். அசலை ஒளிச்சு வெச்சுட்டு போலியக் குடுத்திருக்கான். இனிமே ஒத்துக்க வைக்கறது சுலபம்.” டிரைவரைக் கூப்பிட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். இன்னும் கொஞ்சம் ‘நன்றாக’ விசாரிக்கும்படி.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. பச்சையம்மாவுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்தது. “ஐயோ, நானே எமனா பூட்டேனே!” என்று வாயில் அடித்துக்கொண்டு அங்கேயே சரிந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, நம்ம கட்சிக்காரியே எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டுட்டா” என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. அரசப்பன் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டேன்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். “பத்திரம், பத்திரம்!” என்று மணவாளன் கத்தினார். போலி என்று தெரிந்த பிறகும் பழக்கம் விடவில்லை. அரசப்பன் விரலை எச்சில் தொட்டுப் பொட்டின் மேல் அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

“ப்ரொபசர், பட்டுத் துணிய வட்டமா வெட்டி ஒட்டுனா ஓரம் கத்தரிச்ச மாதிரி இருக்கும். இதுக்கு கீழ்ப் பக்கம் ஒரு வால் இருக்கே, ஏன்?”

“தூரிகை வழுக்கியிருக்கும்.”

“முத்துக்கு ஊசி முனைப் புள்ளி வெச்ச கை இங்க மட்டும் வழுக்குமா?”

ரங்கசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“எங்க அக்கா குழந்தை கன்னத்துலயும் இதே வால் உண்டு அண்ணே” என்றேன் நான். “பொட்டு வெச்சுட்டு விரலை எடுக்கறதுக்குள்ள தலையத் திருப்பிடும். இழுத்துக்கும்.”

அரசப்பன் நாற்காலியிலிருந்து இறங்கினார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வரதா, வருஷத்துக்கு ஒரு தடவை உன் வாயிலருந்தும் உருப்படியா ஒண்ணு வந்துடுது.”

“நன்றி அண்ணே. சம்பளம்...”

“வாய மூடு.” அவர் மணவாளன் பக்கம் திரும்பினார். “இந்தப் படம் எப்பவாவது வீட்டை விட்டு வெளிய போச்சா?”

“இல்லியே. தை மாசம் சட்டம் செல்லரிச்சுப் போச்சுன்னு ப்ரொபசர்தான் மெட்ராஸ் எடுத்துட்டுப் போய்ப் புதுச் சட்டம் போட்டு அனுப்பினார். அது ஒண்ணுதான்.”

“தேக்கு” என்றார் ரங்கசாமி, யாரும் கேட்காமலே.

அரசப்பன் சமையல்கட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “அம்மா, உங்க மை டப்பாவக் கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?”

உள்ளே ஒரு தட்டு விழுந்து உருண்டது.

ஜானகியம்மாள் கதவருகே வந்து நின்றாள். கையில் பித்தளை டப்பா, விளக்கெண்ணெய் விளக்கில் புகை பிடித்து வீட்டிலேயே குழைத்த மை. அவள் மோதிர விரல் நுனியில் தேய்த்தாலும் போகாத கறுப்பு இருந்தது. தட்டு வாங்கும்போது நானும்தான் அந்த விரலைப் பார்த்தேன், கரண்டிக் கரி என்று நினைத்துவிட்டேன்.

“கறுத்த குழந்தை கன்னத்துல இப்படி ஒரு பொட்டப் பாத்தா, நாம எல்லாரும் திருஷ்டிப் பொட்டுன்னு சொல்லிடுவோம்” என்றார் அரசப்பன். “வெள்ளைக்காரி கன்னத்துல இருந்ததால ப்ரொபசருக்குப் புத்தகம் ஞாபகம் வந்துடுச்சு. வேற ஒண்ணுமில்ல. ஏம்மா, வர்றவன் போறவன் கண்ணெல்லாம் படுதேன்னு நீங்கதானே வெச்சீங்க?”

“என்ன உளர்றீங்க?” என்றார் மணவாளன். “அவளுக்குப் படத்தத் தொடற தைரியம் ஏது?”

ஜானகியம்மாள் கணவனைப் பார்க்கவில்லை. வாசலில் சரிந்து கிடந்த பச்சையம்மாவைப் பார்த்தாள். எனக்கு அந்த நிமிஷம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொல்லாமல் உள்ளே போய்விடுவாளோ என்று பயந்தேன். போயிருந்தாலும் அவளைத் தப்புச் சொல்ல முடியாது.

“கண்ணு படக் கூடாதுன்னு வெக்கல” என்றாள். “நாசமாப் போகட்டும்னு வெச்சேன்.”

டப்பாவை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

“தீபாவளி அன்னிக்குக் காலைல, ‘இவளப் பாத்துட்டு உன்னப் பாத்தா சோறு எறங்கல’ன்னு சொன்னார். சமையக்காரன் எதிர்ல. டப்பாவோட வந்தேன். மூஞ்சி பூராவும் அப்பணும்னுதான் வந்தேன். ஒரு விரல் வெச்சதும் பயம் வந்துடுச்சு. ஓடிட்டேன். சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து அந்தப் பொட்டத்தான் ஆஹா ஓஹோன்னாங்க.” அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. “தை மாசம் படம் புதுச் சட்டம் போட்டு வந்தப்புறம், பாவமேன்னு ஈரத் துணியால துடைச்சேன். போகல. எண்ணெய் போட்டுத் தேய்ச்சேன். போகல. என் மை எந்நாளும் காயாது, தொட்டா கையில ஒட்டும். அவ தன் தோலுக்குள்ள இழுத்துக்கிட்டாள்னு நினைச்சேன். என்னப் பழி வாங்கறான்னு நினைச்சேன். அதுலருந்து இந்த ஹால்ல நான் தனியா நிக்கறதில்ல.”

“அவ இழுத்துக்கலம்மா” என்றார் அரசப்பன். “ஒருத்தர் உங்க மையையும் சேர்த்து வரைஞ்சுட்டார். வாலோட.”

இன்ஸ்பெக்டருக்கு இன்னும் விளங்கவில்லை. அரசப்பன் அவருக்காகப் பொறுமையாகச் சொன்னார். “பச்சையம்மா வீட்ல பொட்டு இல்ல, நிஜம். இங்க வந்தப்புறம் இந்தம்மா வெச்சாங்க. அது மை. இப்ப இருக்கறது பெயிண்ட். அப்ப இந்தப் போலியை வரைஞ்சவன், பொட்டு வெச்சதுக்கு அப்புறம் அசலைப் பாத்து வரைஞ்சிருக்கான். குப்பன் குடுத்தது அசல்தான். அதுக்கப்புறம் படம் வாசலைத் தாண்டுனது ஒரே தடவை.”

எல்லோரும் ரங்கசாமியைப் பார்த்தோம்.

“ஒரு பெண்பிள்ளை பொறாமையில் ஏதோ பிதற்றினால்...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கைத்தடியை ஊன்றி மெல்ல உட்கார்ந்தார்.

“அசல் எங்க சார்?” என்றார் இன்ஸ்பெக்டர். கவனியுங்கள், ‘சார்’.

“என் வீட்டில்தான் இருக்கிறாள். விற்கவில்லை. ஒரு மகாராஜா ஆள் அனுப்பிக் கேட்டார், கொடுக்கவில்லை. காலையில் அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி.” அவர் கண் கலங்கியிருந்தது. “இந்த மனிதர் அவளை டெலிபோன் ஸ்டாண்டுக்கு மேலே மாட்டி வைத்திருந்தார்! வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. என்னால் தாங்க முடியவில்லை.”

“குப்பன் அடி வாங்கினத மட்டும் தாங்கிக்கிட்டீங்க” என்றேன்.

“அதற்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் அவர். கிண்டல் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மணவாளன் மனைவி பக்கம் திரும்பினார். படம் திரும்பக் கிடைக்கப்போகிற சந்தோஷம் முகத்தில் ஒரு பக்கம், வேறு எதுவோ இன்னொரு பக்கம். “ஆறு மாசமா நான் ரசிச்சது உன் விரல் கறையையா?”

“நீங்க எங்க ரசிச்சீங்க?” என்றார் அரசப்பன். “பொட்டு இல்லாம வந்த முகத்துல பொட்டு முளைச்சது உங்களுக்குத் தெரியல. ஆளே மாறினதும் தெரியல. இந்த வீட்ல அவளைப் பார்த்தது இந்தம்மா ஒருத்தர்தான்.”

“உள்ள போ, ஜானகி” என்றார் மணவாளன், குரலை உயர்த்தாமல். “இவங்கல்லாம் போகட்டும். அப்புறம் பேசிக்கலாம்.”

அவள் டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போனாள். எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை, அது அவர் வீடு. அரசப்பன் மட்டும் தன் விலாசச் சீட்டு ஒன்றை அந்தக் கதவு இடுக்கில் செருகிவிட்டு வந்தார்.

அதற்குள் திரும்பி வந்திருந்த ஜீப்பின் முன் சீட்டில் ரங்கசாமியை உட்கார வைத்தார்கள். வெயில் படாமல் இருக்க இன்ஸ்பெக்டர் தானே எழுந்து இடம் மாற்றிக் கொடுத்தார். நாங்கள் லாம்ப்ரெட்டாவில் மூன்று பேர், பச்சையம்மா நடுவில். வழியெல்லாம் அவள் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். “வெரசா போ நைனா, வெரசா போ.”

ஸ்டேஷனில் ரங்கசாமிக்கு நாற்காலி போட்டார்கள், சோடா வந்தது. உள்ளேயிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் குப்பனை நடத்திக்கொண்டு வந்தார்கள். நடத்திக்கொண்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவன் கால் தரையில் இழுபட்டது. பச்சையம்மாவைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை.

“உன் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சுடுச்சு. போகலாம்” என்றார் ஏட்டு, ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி. காகிதத்தை நீட்டினார். “கைரேகை வெச்சுட்டுப் போ.”

குப்பன் வலது கையை நீட்டினான். கட்டை விரல் நாவல் பழம் மாதிரி கறுத்து வீங்கியிருந்தது, நகம் இல்லை. ஏட்டு அதைப் பிடித்து மையில் அழுத்தினார். குப்பன் அலறிவிட்டான். காகிதத்தில் விழுந்தது வெறும் தீற்றல்.

“ரேகையே விழலியேய்யா. இடது கை?”

இடது கையும் அப்படித்தான் இருந்தது.

“சே, வேலையக் கெடுக்கறான்” என்று ஏட்டு அலுத்துக்கொண்டு காகிதத்தைப் பச்சையம்மா பக்கம் திருப்பினார். “பெண்டாட்டிதானே? நீ வை. போதும்.”

அவள் வைக்கவில்லை. காகிதத்தை என்னிடம் நீட்டினாள். “இன்னா எழுதிக்கீது நைனா? படிச்சி சொல்லு.”

எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கைப் பேச்சு வரும். அன்று வரவில்லை. காகிதத்தை வாங்கிப் படித்தேன். “மேற்படி குப்பன் என்பவர் நல்ல தேக நிலையில் விடுவிக்கப்பட்டார்.”

“நல்ல தேக நெலைன்னா?”

“உடம்பு நல்லா இருக்குன்னு.”

அவள் குப்பன் கைகள் இரண்டையும் தன் கையில் ஏந்திப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். “வலை இழுக்கற கை சாமி இது” என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

“இஷ்டமில்லன்னா வுடு” என்றார் ஏட்டு. “ரேகை விழற வரைக்கும் உள்ளயே இருக்கட்டும். எனக்கின்னா பேஜாரு?”

“யோவ்!” என்று அரசப்பன் மேஜையைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. “கோர்ட்டுக்குப் போவேன். ஒவ்வொருத்தன் தொப்பியையும் கழட்டாம விட மாட்டேன்!”

பச்சையம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். “நீ கோர்ட்டுக்குப் போயி வர்றதுக்குள்ள இதுக்கு உசுரு இருக்காது சாமி. இட்டுக்கினு போறேன்.”

கட்டை விரலை மையில் தோய்த்து, ஏட்டு காட்டிய இடத்தில் அழுத்தினாள். ஏட்டு காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஆங், இதான் ரேகை! எவ்ளோ சுத்தமா விழுந்துருக்கு பாரு” என்று சந்தோஷப்பட்டார்.